இருக்கிறபடியே விற்ற வீடு

அங்காளம்மாள் அத்தை காலையில் முகம் கழுவியதும் செய்கிற முதல் வேலை சுவர் துடைப்பது. பழைய பனியன் துணியை வாளியில் முக்கி, சொட்டாதபடி பிழிந்து, முன்னறைச் சுவரில் கை எட்டுகிற உயரத்தில் வைத்துக் கீழே இழுத்துக்கொண்டு வருவாள். இடுப்புக்குச் சற்று மேலே, வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு வருகிற இடத்தில் கை நின்றுவிடும். துணியை எடுத்து மறுபடி மேலே வைப்பாள். கோட்டுக்குக் கீழே துடைப்பதே இல்லை. அங்கே பூச்சு பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். மேலே பளிச்சென்ற நீலம், கீழே கண்மாய் மண்ணின் நிறம். எதிரே எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த அறைக்குள் இன்னும் தண்ணீர் நிற்பது போலவே இருக்கும்.

முந்தின மார்கழியில் கண்மாய்க் கரை உடைந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது அத்தை வீட்டில் தனியாக இருந்தாள். விடிந்துகொண்டிருந்த நேரம். வாசல் கதவு ஊறி நிலையோடு இறுகிவிட்டது. ஜன்னலெல்லாம் கம்பி. தெரு ஆட்கள் பக்கத்துச் சந்தில் நின்று கடப்பாறையால் சுவரை இடித்து, ஆள் நுழையுமளவுக்கு ஓட்டை போட்டு, அது வழியாக அவளை வெளியே எடுத்தார்கள். நான் ஒரு காலைப் பிடித்திருந்தேன்.

“செத்த மெதுவாப் பிடிங்கலே, நான் என்ன நெல்லுமூட்டையா” என்றாள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அந்த ஓட்டையை அடைத்தார்கள். பூசவில்லை. அடுக்களை மூலையில் தரை இறங்கியிருந்தது. வாசலுக்கு மேலே கை நுழைகிற மாதிரி ஒரு விரிசல். அடுத்த மழைக்கு நிற்குமா என்று கொத்தனாரிடம் கேட்டதற்கு அவர் வானத்தைப் பார்த்தார்.

அத்தையை வெளியே எடுத்ததை யாரோ செல்போனில் பிடித்துத் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார்கள். மகன் முத்துராமலிங்கம் ராணுவத்தில், வடக்கே எங்கோ மலை உச்சியில் இருந்தான். சிக்னல் கிடைத்த அன்றைக்கு அம்மாவை அந்தப் படத்தில்தான் பார்த்தான். அதிலிருந்து இங்கே மேகம் கறுத்தால் அங்கிருந்து போன் வரும்.

“வித்துருவோம்மா. மதுரையில மருமக கூட வந்து இரு.”

“சரிப்பா” என்பாள் அத்தை.

போனை வைத்ததும் முகம் மாறிவிடும். வாசல் விரிசலுக்குக் கீழே நின்றபடி ஒருநாள் என்னிடம் சொன்னாள். “மூணாவது மாடிலே. வாசல்ல நின்னா எதுத்த வீட்டுச் செருப்பு ரெண்டு சோடி தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. எனக்குப் போக விருப்பமில்லைன்னு அவன்ட்ட எப்படிச் சொல்ல? இங்க மழை பேஞ்சா அங்க அவன் தூங்கமாட்டேங்கான்.”

சொல்லவில்லை. மகன் சொன்னபடி புரோக்கர் இசக்கிமுத்துவை வரச்சொன்னாள். அவர் வீட்டைச் சுற்றி வந்து உச்சுக்கொட்டினார்.

“அக்கா, ஒரு பூச்சு பூசி வெள்ளையடிச்சிருவோம். விலை ஏறும்.”

“மறைச்சு விக்கணுமாக்கும்? இருக்கிறபடியே பாத்து வாங்கட்டும்.”

“இருக்கிறபடியேன்னா ரொக்கக்காரன்தான் வருவான். இந்த விரிசலுக்கு எந்த பேங்க்காரன் லோன் குடுப்பான்?”

“வரட்டும். காப்பி போட்டுத் தாரேன்.”

வந்தார்கள். வளர்பிறை பார்த்து, ராகுகாலம் கழித்து, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அத்தை ஒளிக்காமல் காட்டினாள். இங்கே தரை இறங்கியிருக்கு, இதைத் தொட்டுப் பாருங்க, முன்கூடத்துப் பட்டாசல் கதவு சாத்தாது. வந்தவர்கள் அதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். விலைதான் குறைவாயிற்றே. பிறகு பக்கத்துச் சந்துக்குப் போவார்கள். பூசாத கல் அடைப்பைப் பார்த்ததும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் எங்கள் பக்கம் பிணத்தை வாசல் வழியாக எடுப்பதில்லை. பக்கச் சுவரை இடித்து அது வழியாக எடுப்பார்கள். அடைப்பு என்று பேர். அப்புறம் சில மாதம் வீட்டைப் பூட்டியே வைப்பவர்களும் உண்டு. இப்போதெல்லாம் ஓரிரு கல்லைப் பெயர்த்துச் சாங்கியத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்குப் புதுக்கல் இருந்தால், பார்க்கிறவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது. அத்தையின் வீட்டுக்காரர் இறந்து வருஷங்கள் ஆகின்றன. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார். வாசலில் கிடத்தி, தெருவோடு எடுத்துப்போனார்கள். நான் பள்ளிச் சீருடையில் நின்று பார்த்திருக்கிறேன்.

“அம்புட்டுக்கும் காரணம் அந்த ஓட்டைதான்” என்று இசக்கிமுத்து புலம்புவார். “வெள்ளத்துல ஆளை எடுக்க உடைச்சதுன்னு தொண்டை வத்தச் சொல்லுதேன். மண்டைய மண்டைய ஆட்டுதான். அடுக்களையில போய் காப்பியக் குடிக்கான். பொறவு போன எடுக்கமாட்டேங்கான்.”

“ஊர் வாய்க்கு நான் என்ன பண்ண?” என்பாள் அத்தை.

ஆள் வந்துபோன நாட்களில் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தபடி ஏதோ முணுமுணுப்பாள், பாட்டு மாதிரி. நான்கு பேர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதில் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் அந்த வீட்டில் சத்தம் என்றால் குக்கர் விசில்தான்.

வந்தவர்களில் வ. புதுப்பட்டிக்காரர் பால்சாமி எனக்கு நினைவிருக்கிறார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. பிரிட்ஜ் எங்கே நிற்கும் என்று கையாலேயே முழம் போட்டுப் பார்த்தார். அவரும் மனைவியும் காப்பி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறேன் என்றார். அவ்வளவுதான்.

புரட்டாசி முடியப்போகிற சமயம் ராஜபாளையத்திலிருந்து கௌதம்ராஜ் வந்தார். பேண்டேஜ் துணி வியாபாரம். குடோனுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். காரைவிட்டு இறங்கி, டிரைவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி, டேப்பின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தார். வெளியிலேயே அளந்தார்கள். பக்கத்துச் சந்துக்கு வந்ததும் இசக்கிமுத்து முந்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, அந்தக் கல்லு வந்து...”

“எதுன்னா என்னங்க. இடிக்கத்தானே போறோம்.”

அத்தை தம்ளரோடு வாசலில் நின்றாள். “உள்ள வந்து செத்த நேரம் உக்காருங்க. வீட்டப் பத்தி எதுவும் கேக்கணும்னா...”

“பரவால்லம்மா. வெயில்ல நிக்காதீங்க” என்றார் கௌதம்ராஜ், மரியாதையாகத்தான். செருப்பைக் கழற்றவில்லை. மகன் நம்பரைக் கேட்டு வாங்கிக் கார் ஓரமாக நின்று பேசினார். முதலில் சொன்ன விலையில் பாதிக்குச் சற்று மேலே. முழுதும் கைக்காசு, இருக்கிறபடியே. ஸ்பீக்கரில் முத்துராமலிங்கத்தின் குரல் தெருவுக்கே கேட்டது.

“சரிங்க சார். மழைக்கு முந்தி முடிச்சிருங்க சார்.”

அத்தையின் கையிலிருந்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது. இசக்கிமுத்து வாங்கிக் குடித்தார்.

மகன் லீவில் வந்தான். பத்திர ஆபீஸில் அத்தை தன் பெயரை எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதினாள். எழுதுகிறவரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். சாமான் அதிகம் இல்லை. வெள்ளம் முக்கால்வாசியைத் தின்றிருந்தது. இடிக்கப்போகிற வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் மகன் பால்கோவா வாங்கப் போயிருந்தான். நான் மதுரை பஸ்ஸின் ஜன்னலோரம் நின்றேன்.

“மாடியில இருந்து என்னையப் பாத்துக்கிட்டே இருப்பேல்ல. இனி யாரப் பாப்ப?”

“பொஸ்தகம்ல்லா படிச்சுக்கிட்டிருந்தேன் அத்தை.”

“ஆமாலே. ஒரே பக்கத்த.”

நான் தரையைப் பார்த்தேன். பஸ் கிளம்பியபோது அவள் கையாட்டவில்லை. கடைகளை, சைக்கிள்களை, நடந்துபோகிற ஆட்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஜேசிபி வந்து ஒரு காலைப்பொழுதில் வீட்டை முடித்துவிட்டது. முன்னறைச் சுவர் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்றது, பாதி நீலம், பாதி மண். இப்போது அங்கே சாம்பல் நிற ஷட்டர். லாரி வருகிற நாட்களில் தூக்குவார்கள். மற்ற நாட்களில் ஜன்னலுக்கு வெளியே அந்தச் சாம்பல் நிறம்தான். அந்த வருஷம் ஐப்பசி மழை பெரிதாகப் பெய்யவில்லை.

அத்தைக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும், “சாப்பிட்டியா, மழையா அங்க?” என்றாள்.

நான் வேலைபார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குத் தை மாதம் பால்சாமி வந்தார். பென்ஷன் காகிதம் ஏதோ நகல் எடுக்க. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“அந்த வீடு போயிருச்சாமே தம்பி. எனக்கு அம்புட்டுப் பிடிச்சிருந்தது. எங்க வீட்டம்மாதான் அடைப்பு வீடு வேண்டாம்னுட்டா.”

“அது அடைப்பு இல்லைங்க. வெள்ளத்துல அத்தையை வெளிய எடுக்க நாங்க உடைச்சது. நானும் கூட நின்னேன்.”

“புரோக்கரும் அதத்தான் சொன்னான். நான் நம்பத்தான் செஞ்சேன். போலீஸ்காரனுக்கு இது தெரியாதா?” என்றார் பால்சாமி. நகலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். “ஆனா அடுக்களையில வச்சு எங்க வீட்டம்மா கேட்டதுக்கு, ‘ஆமா, எங்க வீட்டுக்காரர அது வழியாத்தான் எடுத்தோம்’னு அந்தம்மாவேல்ல சொன்னாவ.”