இருட்டில் பூனை எடுக்க ஒரு கேமரா

கல்யாண போட்டோ எடுப்பது சுலபமான தொழில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சம் போதவில்லையென்றால் அங்கே ‘லைட்டைப் போடுங்க’ என்று கேட்கவாவது முடியும். காட்டு உயிர்களிடம் அது நடக்காது. காட்டு உயிர்களைப் படமெடுக்கும் பித்துப் பிடித்த என் சக நோயாளிகளுக்குச் சொல்லவே வேண்டாம்: நாம் தேடுகிறவை வெளியே வருவது விடிந்தும் விடியாத நேரத்தில்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான், முகூர்த்தம் இல்லாத காலைகளில் தாமல் ஏரிக்கரையில் இருப்பேன். அங்கேதான் என் பழைய கேமரா என்னைக் கைவிட்டது.

நாயா, பூனையா?

ஏரியின் மேற்குக் கோடியில், கோரைப் புதருக்குள் ஒரு காட்டுப்பூனை இருந்தது. ஒருநாள் விடியலில் அது குட்டியை வாயில் கவ்விக்கொண்டு என் எதிரே நடந்து வந்தது. மங்கல் வெளிச்சத்திலும் படம் பதியவைக்கும் ஐ.எஸ்.ஓ.வை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி எடுத்தேன். பூனை கிடைத்தது, ஆனால் படம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோல் புள்ளிகள்.

அப்போது ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. கிழக்கே தொடங்கிய பொக்லைன் இரண்டு வாரத்தில் அந்தப் புதருக்கு வந்துவிடும். அதை ஓட்டும் அன்பழகனிடம் போய், இங்கே குட்டிகள் இருக்கின்றன என்று படத்தைக் காட்டினேன். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “இது நாய் கோழியத் தூக்கிக்கினு போவுது மேடம்.”

கடையில் ஒரு வேண்டுகோள்

மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறினேன். கேமராக் கடை விற்பனையாளர் லென்ஸ் மாட்டாத இரண்டு கேமரா பாடிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் மெகாபிக்சல் அதிகம், சுவர் அளவுக்குப் படம் போடலாம் என்றார். இன்னொன்றில் அதில் பாதிதான், ஆனால் மங்கல் வெளிச்சத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டும் என்றார். கடையில் எரிந்த விளக்குகளுக்குக் கீழே இரண்டுமே பிரமாதமாக எடுத்தன.

நான் விளக்கை அணைக்கச் சொன்னேன். அவர் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்து, என்னைக் குடோனுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு கறுப்புப் பையைப் பூனையாக நினைத்துக்கொண்டு இரண்டிலும் மாறி மாறிப் படமெடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பார்த்து எதுவும் முடிவாகாமல், இரண்டையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். பில் போடும்போது அவர் சொன்னார்: “நகைக்கடையிலதான் மேடம் வெளிச்சத்துல காட்டுங்கன்னு கேப்பாங்க, நீங்க இருட்டுல காட்டுங்கன்றீங்க.”

சத்தமே வராத பட்டன்

அன்று மாலையே, ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை பார்க்கும் தேவகியையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன். பூனை வரவில்லை. கருவேல மரத்தில், இரவில் இரை தேடும் கறுப்பு முதுகு வக்கா கொக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. கேமராவைச் சத்தமில்லாத முறையில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. வேலை செய்யவில்லையோ என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். அடுத்த கேமராவிலும் இதே கதை. ஸ்டுடியோவுக்கு வந்து பார்த்தால், அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரே கொக்கு ஆயிரத்துச் சொச்சம் படங்களில். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிய தேவகி சொன்னாள்: “அக்கா, ஆதார் கார்டுக்குக் கூட யாரையும் இவ்ளோ எடுக்க மாட்டாங்க.”

கறுப்புன்னா கறுப்பு

அந்தக் கொக்கை இரண்டு கேமராவிலிருந்தும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டினோம். எது எந்தக் கேமரா என்று பின்பக்கம் மட்டும் எழுதியிருந்தோம். தேவகிக்கு இடதுபக்கம் பிடித்தது. எனக்கு ஒரு மணிக்கு ஒருதரம் மனசு மாறியது. அப்போது பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார் சம்பந்தம். பட்டு நெய்கிறவர். காத்திருந்த நேரத்தில் சுவரருகே போய்க் கொக்கின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். இடதுபக்கப் படத்தைத் தொட்டுச் சொன்னார்: “இதுல கறுப்பு மேல பச்சை ஏறிக்கினு இருக்குது. அதுல கறுப்பு கறுப்பாவே இருக்குதுமா. சேலைன்னா நான் இதைத் திருப்பி அனுப்பிடுவேன்.”

திருப்பிப் பார்த்தோம். அவர் கழித்தது மெகாபிக்சல் அதிகமான கேமரா. வாடகைக் கேமராக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்றதையே புதிதாக வாங்கி வந்தேன்.

மூன்றாம் விடியல்

புதுக் கேமராவோடு இரண்டு விடியல் வீணாகப் போனது. பொக்லைன் சத்தம் நாளுக்கு நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், என் கை எனக்கே சரியாகத் தெரியாத வெளிச்சத்தில் கோரை அசைந்தது. தாய்ப்பூனை வெளியே வந்து உட்கார்ந்தது. கேமராவுக்குள் ஃபோகஸைக் காட்டும் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் அதன் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பின்னாலேயே இரண்டு குட்டிகள். மீசை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ஓட்டமும் நடையுமாக அன்பழகனிடம் போனேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டு, மேற்குக் கோடியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார். ஒரு மாதம் கழித்து அவர்கள் அங்கே போனபோது, வளர்ந்த குட்டிகளோடு பூனை வேறு இடம் போயிருந்தது. ஆனால் அன்று போனை வைத்ததும் அவர் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ரெண்டு இல்ல மேடம், மூணு. பின்னாடி கோரைக்குள்ள ஒரு காது தெரியுது பாருங்க.”

ஆக, இருட்டில் நன்றாகப் பார்க்கிற கேமராவைத் தேடிச் சென்னை வரை அலைந்து வாங்கிய பிறகுதான், அதை வைத்துக்கொண்டு பார்க்கத் தெரிந்தவர் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.