கூரைமேல் வசனம்

ஒரே வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்தும் என் வீட்டுக்காரர் ஒருநாள்கூட மொட்டை மாடிக்கு ஏறி, மழைத்தண்ணீர் போகும் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்ததில்லை. அதற்கெல்லாம் நான் இருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு, சக்கரம் வைத்த இன்னொரு கூரையை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார்.

ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய வேன் அது. பேட்டையில் ஒரு பட்டறையில் விட்டு, இருக்கைகளைக் கழற்றி, கட்டில், கழிப்பறை, அடுப்பு மேடை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்து அதைக் கேரவன் ஆக்கியிருந்தார். கேரவன் என்றால் எங்கள் பாளையங்கோட்டைத் தெருவுக்குத் தெரிந்தது சினிமாக்காரர்கள் வண்டிதான். உள்ளே எந்த நடிகை இருக்கிறாள் என்று போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்கள். நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் நம்பவில்லை.

இந்த வண்டியைப் பற்றி நான் வாய் வலிக்கக் கேலி செய்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அவருடைய அக்கா, அதாவது எனக்கு மைனி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்துப் படுக்கையில் இருந்தாள். கொஞ்ச நேரம் உட்காரலாம், அதற்குமேல் முடியாது. அவளுடைய ஒரே மகளுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் பெங்களூரில் கல்யாணம். ரயிலிலும் காரிலும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி எங்களுக்குத் தெரியவில்லை. உன்னைப் படுத்த வாக்கிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தம்பி வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மைனி அந்த வேனை மட்டுமே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. தண்ணீர் நேராகக் கட்டில் மேல் சொட்டியது. கட்டிலைத் தவிர வேறு எங்கேயும் சொட்டவில்லை.

உடனே தெருவில் இருக்கிற ஓய்வு பெற்ற ஆண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஏணி பக்கத்திலேயே சாத்தி வைத்திருந்தது. அதில் ஒருத்தராவது கால் வைக்க வேண்டுமே. கடைசியில் என் வீட்டுக்காரர் வண்டிக்குள்ளே போய், சொட்டுகிற இடத்தில் கை நிறைய சிலிக்கான் பசையை அப்பிவிட்டு வெற்றியோடு இறங்கினார். சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டையும் இருக்கும் என்று நினைக்கிறவரிடம் என்ன பேசுவது? அடுத்த மழையில் அதே தண்ணீர் பலகைக்கு மேலே பைய நடந்துபோய் அடுப்பு மேடை மேல் இறங்கியது. அதற்கப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மேலே தார் உருக்கி ஊற்றினார். அது வெயிலில் இளகி ஜன்னல் கண்ணாடியில் கறுப்பாக வழிந்தது. பூப்போட்ட திரை போட்ட ஜன்னல் அழுகிற மாதிரி இருந்தது.

நானே கிளம்பி வண்டியோடு பேட்டைக்குப் போனேன். அந்தப் பட்டறையில் தகர வேலை பார்க்கும் டிங்கருக்குத் தெரிந்த ஒரே பதில் "பாத்துக்கிடலாம் டீச்சர்" என்பதுதான். துருவா, பாத்துக்கிடலாம். ஓட்டையா, பாத்துக்கிடலாம். பார்க்கிற ஆளை மட்டும் காணோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்தான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகளைக் கட்ட அந்தக் காலத்தில் வைத்திருந்த கம்பிச் சட்டத்தைக் கழற்றி எடுத்தவர்கள், அதன் போல்ட் ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டு மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் உரிந்ததும் ஓட்டைகள் எல்லாம் வாயைத் திறந்துவிட்டன. தகரத்தோடு தகரம் சேருகிற மூட்டிலும், காற்றாடி வைத்த துவாரத்தைச் சுற்றியும் வெடிப்பு.

பரீட்சை ஹாலில் நின்று பழகியவள் நான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தாரைச் சுரண்டச் சொன்னேன், துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னேன். ஓட்டைகளுக்குத் தகரத் துண்டு வைத்து அடைத்து, சிவப்புப் பூச்சு அடித்து, மூட்டுகளில் வலைத்துணி ஒட்டி, அதற்கு மேல் ரப்பர் போல இழுபடுகிற வெள்ளைப் பூச்சைப் பூசினார்கள். ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததை அடிக்க டிங்கர் பிரஷ்ஷைத் தூக்குவான், நான் தொண்டையைக் கனைப்பேன். மழை விட்ட நாளாகப் பார்த்துப் பார்த்து மூன்று பூச்சும் முடிந்தது.

முடிந்ததும் மேலே ஹோஸ் வைத்துத் தண்ணீரைத் திறக்கச் சொல்லிவிட்டு, உள்ளே கட்டில் மேல் பேப்பரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி விழவில்லை. மைனி மகள் கல்யாணத்தைப் பார்த்துவிடுவாள் என்று அன்றைக்குத்தான் நான் நம்பினேன். சந்தோஷத்தில் டிங்கருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால் வண்டியை எடுத்து வரப் போனவர் என் வீட்டுக்காரர். எங்கள் சபையில் வருஷப் பிறப்பன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் சீட்டில் கொடுப்பார்கள். அந்த வருஷம் முழுக்க அதுதான் அந்தக் குடும்பத்தின் வசனம். எங்களுக்கு அந்த வருஷம் கிடைத்தது மழையைப் பற்றியது, ஆசீர்வாதம் மழையாக இறங்கும் என்கிற பொருளில். எங்கள் பக்கத்து வண்டிகளில் அதை ஸ்டிக்கராக முன்கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். இவருக்கு ஸ்டிக்கர் போதவில்லை. நீளமாகத் தகர போர்டு எழுதி வாங்கி வண்டி உச்சியில் நிறுத்திக்கொண்டு வந்தார். ஐயர் வந்து பிரதிஷ்டை ஜெபம் பண்ணினார். எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். போர்டு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் எழுத்தைத்தான் பார்த்தேன். அது எதைப் பிடித்து நிற்கிறது என்று பார்க்கவில்லை.

ஒத்திகை மாதிரி மைனியைப் படுக்க வைத்து ஆழ்வார்திருநகரி வரை ஒரு நடை போய்வந்தோம். திரும்பும்போது நல்ல மழை. நான் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மைனிக்குப் பார்க்க இருந்தது மேற்கூரை மட்டும்தான். திடீரென்று என் கையைத் தட்டினாள்.

"ஏளா, அந்த வசனத்தை மேல எப்படி நிப்பாட்டியிருக்கான்?"

அண்ணாந்து பார்த்தேன். அவள் நெற்றிக்கு நேரே ஒரு துளி உருண்டு திரண்டுகொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஸ்க்ரூ அடித்துத்தான் என்றார். ஒட்டினால் பெயர்ந்துவிடுமாம், வசனம் ரோட்டில் விழலாமா என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். புதுப் பூச்சு, வலைத்துணி, தகரம் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு நாலு ஸ்க்ரூ. மழை வசனத்துக்கு வழி விட்டிருக்கிறார். பேட்டைக்குப் போய் டிங்கரைப் பிடித்தேன். மூன்று பூச்சு பூசின அதே கையால் துளை போட்டவன் கொஞ்சமும் கூசவில்லை.

"அண்ணாச்சி அடிக்கச் சொன்னாவ, அடிச்சேன். ஸ்க்ரூ அடிச்சா ஓட்டை விழத்தானே செய்யும், டீச்சர்?"

போர்டைக் கழற்றியாயிற்று. ஆனால் மறுபடி துணி ஒட்டிப் பூச வெயில் வேண்டும். அந்த மார்கழியில் வெயிலையே காணோம். ஈரத் தகரத்தில் எதுவும் பிடிக்காது என்று தெரிந்தும் ஓட்டைகளில் சிலிக்கானைத் திணித்துக்கொண்டு கிளம்பினோம். இதில் போக வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று நான் சொன்னபோது மைனி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் போய்ப் பெட்டியைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் போர்டை வீட்டில் விட மனமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்.

சிலிக்கான் கோவில்பட்டித் தூறல் வரை தாங்கியது. சாத்தூரில் பிடித்த மழை, அப்புறம் விடவே இல்லை. முதலில் தலையணை நனைந்தது, பிறகு மைனியின் தோள். அவளைத் தள்ளிப் படுக்க வைக்க இடமில்லை, அந்த இடுப்போடு புரளவும் முடியாது. துண்டைப் பிழிந்து பிழிந்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போகிறவள் காய்ச்சலோடு போய் இறங்குவாளே என்று எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"அந்த போர்டை எடுளா. தலைக்கு மேல கட்டு" என்றாள் மைனி.

திரைக் கம்பியில் ஒரு பக்கம், ஜன்னல் கம்பியில் ஒரு பக்கம், என் பழைய சேலையைக் கிழித்து போர்டைச் சாய்வாகக் கட்டினேன். மேலிருந்து விழுந்த தண்ணீர் தகரத்தில் ஓடி, கால்மாட்டில் வைத்த பக்கெட்டில் விழுந்தது. எழுத்து இருந்த பக்கம் அவள் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. நான் யோசித்துக் கட்டவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

மதுரை தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோதுதான் என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வசனத்தைத் தண்ணீர் வடிக்கிற ஓடைத் தகரமாக்கிவிட்டீர்களே என்று என்னைத்தான் முறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மைனி சொல்லிவிட்டாள்.

"இங்கனயே கெடக்கட்டும்லே. மேல இருந்தப்ப ஊருக்குத்தான் தெரிஞ்சுது. இப்பந்தான் எனக்குத் தெரியுது."

அவர் போய் வண்டியை எடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பைய ஓட்டினார்.

பெங்களூர் போய்ச் சேரும்வரை பக்கெட்டை ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டே போனேன். மைனி உலர்ந்த தலையில் பூ வைத்துக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மகள் கல்யாணத்தைப் பார்த்தாள். வலி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர, ஆராதனை முடியும்வரை படுக்க வைக்கச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து வருஷப் பிறப்பு ஆராதனையில் என் வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தருடைய வசனம் எங்கள் அக்கா மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் காத்தது என்றார். ஸ்க்ரூவைப் பற்றிப் பேச்சில்லை. பக்கெட்டைப் பற்றியும் பேச்சில்லை. நானும் தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். சாத்தூரில் நனைந்த தோளை விட்டுவிட்டால் அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. சபையார் ஆமென் என்றார்கள். பக்கெட் தூக்கிய தோள்பட்டை எனக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் மைனி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நின்றது. நானும் ஆமென் என்றேன்.