போதிய உணவு கையிருப்பில் உள்ளது

என் மகளின் கல்யாணத்துக்கு அறிவிப்பாளராக வந்தவர் முன்பு இலங்கையில் அரச தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். நானாகத் தேடிப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஹனோவரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷம் எதுவும் அந்தக் குரல் இல்லாமல் நடந்ததில்லையாம். குரல் நல்ல குரல்தான். போர்க்காலம் முழுக்க இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் குந்தியிருந்து அதைக் கேட்டவள் நான், குறை சொல்ல மாட்டேன்.

அவருடைய தொழில் வரலாறு எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். இளம் வயதில் நேயர் விருப்பப் பாடல் நிகழ்ச்சி செய்தார். பிறகு செய்திக்கு வந்தார். சண்டை கடுமையானதும், பாடலை அறிமுகம் செய்த அதே குழைவோடு, படையினர் முன்னேறுகிறார்கள், பொதுமக்களுக்குச் சேதமில்லை, வன்னியில் போதிய உணவு கையிருப்பில் உள்ளது என்று வாசித்தார். போர் முடிந்தது, பதவி உயர்வு கிடைத்தது. முகாம்களுக்குப் போய் மக்களை நலம் விசாரிக்கும் நிகழ்ச்சியை அவரிடம் கொடுத்தார்கள். பிறகு ஆட்சி மாறியது; அவருக்கும் உயிராபத்து வந்தது. ஜெர்மனிக்கு வந்து எங்களைப் போலவே அகதி அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டார். எங்களை விட வேகமாக வதிவிட உரிமை கிடைத்தது என்கிறார்கள். விசாரணையில் நன்றாகப் பேசியிருப்பார்.

அந்த முகாம் நிகழ்ச்சியை நான் ஒரு கிழமைகூடத் தவறவிடவில்லை. என் அக்கா கடைசிச் சண்டையில் வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. முகாமில் இருப்பவர்களின் முகத்தைக் காட்டிய ஒரே இடம் அதுதான் என்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு இணையத்தில் பார்ப்பேன். ஒருநாள் திரையில் அக்கா வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். அவர் மைக்கை நீட்டி, “சாப்பாடெல்லாம் கிடைக்குதோ அக்கா?” என்று கேட்டார்.

“ஓம், எல்லாம் கிடைக்குது. நன்றி,” என்றாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் நன்றி சொல்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. பொய் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் சாமிப் படத்துக்கு முன்னால் நிற்பதுபோல அந்தக் கணினியைக் கும்பிட்டு அழுதேன். அக்கா உயிரோடு இருந்தாள். அதை எனக்குச் சொன்னது அந்த மனிதர்தான் என்பது இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

பிற்பாடு அக்கா எங்களிடம் வந்து சேர்ந்ததும் நடந்ததைச் சொன்னாள். முதல் தடவை கேட்டபோது “இல்லை, கிடைக்கேல்லை” என்றுதான் சொன்னாளாம். அவர் கோபிக்கவில்லை. பக்கத்தில் துவக்கோடு நின்ற ஆமிக்காரனை ஒருதரம் பார்த்துவிட்டு, மைக்கை இறக்கி, “திருப்பி எடுப்பம் அக்கா,” என்றாராம். இரண்டாம் தடவை எடுத்ததைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அதனால் அறிவிப்பாளர் யார் என்று தெரிந்ததும் நான் அக்காவிடம் போனேன். “உனக்கு ஏலாதெண்டால் சொல்லு, வேறை ஆளைப் பாப்பம்.”

“அவர் தன்ரை வேலையைப் பாக்கட்டும்,” என்றாள். “நான் பிள்ளையின்ரை கலியாணத்துக்கு வாறன்.”

வாறன் என்றாள், சரி. இடையில் எழும்பிப் போய்விட்டால்? என் பிறந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் அவள். மகளின் கல்யாணத்தில் அந்தக் கதிரை வெறுமையாகக் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

தாலி கட்டி முடியும்வரை ஒரு குறையும் இல்லை. பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. அழைப்பிதழில் ‘குடும்ப சமேதராய்’ என்று போட்டால் எங்கள் சனம் குடும்பத்தை ஒன்றுவிட்ட மச்சான்வரை நீட்டும். சோறு பாதி மண்டபத்தோடு முடிந்தது. சமையல்காரரின் இரண்டாவது வான் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றது. வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் நின்றவர்கள் முறைக்கத் தொடங்க, என் கணவர் ஓடிப்போய் அறிவிப்பாளரிடம், “அண்ணை, சனத்தை ஒருமாதிரிச் சமாளியுங்கோ,” என்றார்.

அவர் தொண்டையைச் செருமினார். “போதிய உணவு கையிருப்பில் உள்ளது,” என்றார். “மக்கள் பதற்றமடையத் தேவையில்லை.”

வரிசை முழுவதும் மேடைப் பக்கம் திரும்பியது. அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் அந்த நாட்களில் வன்னியில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள். ஹனோவர்ச் சம்பந்தி மட்டும் நல்ல அறிவித்தல் என்பதுபோலத் தலையாட்டினார்.

என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அவசரமாக மேடையை விட்டு இறங்கி, வீடியோக்காரரையும் கூட்டிக்கொண்டு, மேசை மேசையாக வாழ்த்துக் கேட்கத் தொடங்கினார். எங்கள் கல்யாணங்களில் அது வழக்கம்தான். பேசுகிறவரின் முகம் மேடையின் பெரிய திரையில் தெரியும். மூன்றாவது மேசையில் அக்கா இருந்தாள். பெண்ணின் பெரியம்மா என்று நானே முதல் பந்தியில் அவளுக்குப் பரிமாறியிருந்தேன். கோப்பை நிறையச் சோறும் கத்தரிக்காய்க் கறியும், மேலே ஒரு வடையும்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எத்தனை முகங்களைப் பார்த்திருப்பார். மைக்கை நீட்டினார். “சாப்பாடெல்லாம் கிடைச்சுதோ அக்கா?”

அக்கா எழும்பப் போகிறாள் என்று நினைத்து நான் பாதி ஓட்டத்தில் இருந்தேன். அவள் எழும்பவில்லை. வாயிலிருந்ததை ஆறுதலாக மென்று விழுங்கினாள்.

“இல்லை, கிடைக்கேல்லை,” என்றாள்.

திரையில் அவள் முகமும் சோற்றுக் கோப்பையும் பெரிதாகத் தெரிந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு வீடியோக்காரரைப் பார்த்தார். மைக்கைக் கொஞ்சம் இறக்கினார்.

“திருப்பி எடுப்பம் அக்கா,” என்றார்.

இறக்கியது காணாது; இன்னும் இறக்கியிருக்க வேண்டும். மண்டபம் முழுவதும் கேட்டது. தன் குரல் ஒலிபெருக்கியில் திரும்பி வந்தபோதுதான் அவர் அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு அடி பின்னால் வைத்தார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம், மறைக்க ஒன்றுமில்லை.

“ஏலாது,” என்றாள் அக்கா. “ஒருக்கா திருப்பி எடுத்தனீங்கள். அது காணும்.”

பிறகு வடையைப் பிய்த்துச் சாப்பிட்டாள். அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வான் வந்தது. சோறு வந்ததை யாரும் அறிவிக்கவில்லை. வரிசை தானாக நகர்ந்தது. அக்கா கடைசிவரை இருந்து, பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

போன கிழமை வீடியோக்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “அக்கா, அந்தச் சாப்பாட்டு விசயத்தை வெட்டிவிடட்டோ? வீடியோவும் நீளமாய்க் கிடக்குது.”

கேக் வெட்டுவதைக் குறைக்கச் சொன்னேன்.