காஸ்டிக் தொட்டியில் போன கம்பளம்

சவுதியில் லாரி ஓட்டியபோது என் அறையில் ஓர் ஆப்கான்காரன் இருந்தான். நான் ஊர் திரும்பும்போது ஒரு சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டிக் கொடுத்தான். செத்துப்போன அவன் அம்மா கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. அவனுக்கு வேலை போகிற நிலைமை. தங்க ஓர் இடம் கிடைத்ததும் கேட்கிறேன், அதுவரை வைத்திரு என்றான். திருத்தணி வீட்டில் பீரோமேல் வைத்தேன். ஒருத்தரையும் மிதிக்க விடவில்லை.

போன ஆடிக் கிருத்திகை முடிந்து அவன் போன் செய்தான். வீடு கிடைத்துவிட்டது, அனுப்பு என்றான். கீழே இறக்கினால் எலி மூத்திர நாற்றம். துவைக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரருக்குப் பொதட்டூர்பேட்டையில் சாயப்பட்டறை. நான் இல்லாத நேரத்தில் வந்து எடுத்துப் போய்விட்டார்.

சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். லுங்கி நூலை வேகவைக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் கோலை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். கேழ்வரகுக் கூழ் மாதிரி ஏதோ கொதித்தது. கோலில் மாட்டித் தூக்கினார். வெறும் வலை. நீள இழையான பாவும் குறுக்கிழையான ஊடையும் பருத்தி என்பதால் அது மட்டும் மிஞ்சியது. கம்பளி முடிச்சு ஒன்றுகூட இல்லை.

“இன்னா பாவா பண்ணீங்க?”

“நூலுன்னா வேகவச்சாதான அழுக்கு போவும். பாத்துகினே இருக்கேன் மச்சான், கரைஞ்சிகினே போவுது.”

“அது ஆட்டு மயிரு. உங்க தலைய இதுல உட்டா மயிரு நிக்குமா?”

“அது எங்க இருக்குது, நிக்கறதுக்கு” என்று வழுக்கையைத் தடவினார்.

பருத்தியைத் தவிர வேறு நூலைத் தொடாத ஆளுக்கு எதற்கு இந்த வேலை? அறைந்திருப்பேன். அக்கா முகத்துக்காக விட்டேன்.

அங்கிருந்தே ஆப்கான்காரனுக்கு வீடியோ கால் போட்டு வலையைக் காட்டினேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. யார் செய்தது, எப்படி என்று இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அதைக் கிட்டே காட்டச் சொல்லிப் பார்த்தான். பிறகு, கம்பளியைக் கரைக்கிற தண்ணீராயிற்றே, அந்த மனுஷர் கையில் பட்டுவிட்டதா என்று கேட்டான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாலு வார்த்தை திட்டித் தொலையேன் என்று கத்தினேன்.

அவன் திட்டவில்லை. அந்தப் பாவு அம்மா கட்டியதுதானே, அதை அனுப்பு என்றான். வெறும் தண்ணீரில் அலசினால் போதும் என்றான்.