அண்ணன் பிந்தி வந்த முகூர்த்தம்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர் பலரும் என் கல்யாணப் பந்தலில் சாப்பிட்டவர்கள். அன்று அண்ணனை நான் ஒரு சொல் சொன்னேன், அதையும் கேட்டவர்கள். அந்தச் சொல்லை மறைத்துவிட்டு அவருடைய குணங்களை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு வானம் பார்த்த கிராமத்தில். ஏழு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி ரங்கூன் வந்தார். நான் ரங்கூன் லான்மடாப் பேட்டையில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஒரே மழைக்காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எட்டு. பெண் குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. அண்ணன் யார் பேச்சையும் கேட்கவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், சோறு பொங்கிப் போட்டார், தலையும் பின்னிவிட்டார். அந்தப் பின்னல் பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று இதை எழுதும் எழுத்து அவர் போட்ட பிச்சை.

ஜெர்மன் சண்டை முடிந்து பட்டாளத்து லாரிகள் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றில் ஒன்றை வாங்கிய முதலாளி அண்ணனை டிரைவராக வைத்துக்கொண்டார். ரங்கூனிலிருந்து புரோம் வரைக்கும் சரக்கு. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அண்ணனிடம் கடிகாரம் கிடையாது. வாயில் அடக்கிய குன்யா என்ற வெற்றிலை மடிப்புத்தான் அவருக்கு மணி. மூன்று மடிப்புக் கரைந்தால் இஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுவார். ஆறு கரைந்தால் இறங்கி முதுகை நிமிர்த்துவார். ராத்தங்கலுக்கு இடம் பார்ப்பதில் மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கண்டிப்பு. பனையடி ஆகாது, பழம் விழும். நெல் மில் பக்கம் ஆகாது, உமிப்பொறி பறக்கும். கள்ளுக்கடைப் பக்கம் ஏன் ஆகாது என்று நான் எழுத வேண்டியதில்லை. மேடான தரையும் கிணறும் பக்கத்தில் ஒரு புத்த மடமும் இருந்தால் அங்கே, வண்டியின் முகம் சாலையைப் பார்க்க நிறுத்துவார்.

இவை தவிர இரண்டு விதிகளை அவர் மீறியதில்லை. ராகு காலத்தில் நின்ற வண்டியை எடுக்க மாட்டார். விளக்கு வைத்த பிறகு சக்கரம் உருளக் கூடாது. முதலாளி எத்தனையோ முறை குதித்துப் பார்த்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே நிற்பார், அவ்வளவுதான்.

எனக்கு வரன் அமைந்தது. வியாழக்கிழமை காலையில் முகூர்த்தம். தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன்தான் எல்லாம். அக்கினி முன்னால் என் கையில் பொரியிட வேண்டியவர் அண்ணன். புதன் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் புரோமுக்குப் போனார். புதன் இரவு வரவில்லை. வியாழன் விடிந்தது, வரவில்லை. நான் மணையில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தேன். முகூர்த்தம் நமக்காக நிற்குமா என்றார் புரோகிதர். தாலி ஏறியது. மாடிவீட்டு மாமா பொரியிட்டார். என் கண்ணெல்லாம் வாசலில்.

அண்ணன் வந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. சட்டையெல்லாம் புழுதி, முகம் வெளிறிக் கிடந்தது. எனக்கு வாய் நீளம் என்பது உலகறிந்தது. பந்தலே கேட்கும்படி சொன்னேன்: "உங்களுக்கு லாரிதான் கூடப்பிறந்தது. இனி அதுக்கே பொரி போடுங்க."

"பிந்திப் போச்சு தாயி," என்றார் அண்ணன். இலை எடுக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அந்தச் சொல்லை நான் விடவில்லை. தீபாவளிக்கு வந்தால், "இந்த வருஷத்துத் தீபாவளிக்குத்தானே வந்தீங்க?" என்பேன். அவர் சிரிப்பார். என் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வந்திருப்பார். தனக்கென்று ஒரு குடும்பம் தேடாமலே காலத்தைக் கழித்தார். பழைய காய்ச்சல் மாறி மாறி வந்து வயிறு வீங்கி, கடைசி மூன்று மாதம் லான்மடா வீட்டில் என் பார்வையில்தான் இருந்தார். கஞ்சி ஊட்டும்போதும் ஒருநாள் அந்தக் கல்யாணக் கதையைக் குத்திக் காட்டினேன். அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

கருமாதியன்று கோ சான் என்னைத் தனியே அழைத்தார். அண்ணனுக்குக் கையாளாக லாரியில் ஓடிய பர்மியர். அண்ணனை 'சயா', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார். அழுதுகொண்டே அவர் சொன்னது இது. அந்தப் புதன்கிழமை அண்ணனுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். நடுப்பகலில் வழியில் லெப்பட்டான் என்ற ஊரில் வண்டியை நிறுத்தி, "ராகு போனதும் நீ எடு" என்று சொல்லிவிட்டு மூட்டைகளின் மேல் படுத்தவர் நினைவில்லாமல் தூங்கிவிட்டார். கோ சான் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்தான். அதுவரை வண்டியை எப்போது எடுப்பது என்பதை அவரிடம் யாரும் விட்டதில்லை. நமக்குப் புதன்கிழமை ராகு ஒன்றரை மணி நேரம். பர்மியருக்கோ வாரத்தில் எட்டு நாள். புதன் உச்சியிலிருந்து நள்ளிரவு வரை அவர்களுக்கு அது வேறொரு நாள், அதற்குப் பெயர் 'யாஹு', நம் ராகுதான். மனிதர் பொழுது முழுக்கக் காவல் இருந்திருக்கிறார், சயாவின் நேமத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து!

அண்ணன் விழித்தபோது இருட்டிவிட்டது. விஷயம் தெரிந்ததும் தள்ளாடி இறங்கி, இஞ்சின் கைப்பிடியைச் சுற்றப் போனாராம். நான் வழி பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியாதா? பாதிச் சுற்றில் கையை எடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாராம். அப்போது சொன்னதைக் கோ சான் தமிழிலேயே, அண்ணன் குரல் போலவே சொன்னார்:

"இருட்டுல மாட்டுவண்டிக்காரன் தூங்கிக்கிட்டே வருவான். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கும்ல."

விடிந்து ரங்கூன் வரும் வழியில், இந்த ராகு சங்கதி நம் இருவரோடு போகட்டும், என் தங்கை கோபக்காரி, உன்னை வீட்டுப் படி ஏற விடமாட்டாள் என்று அண்ணன் சொல்லி வைத்தாராம். அவர் சொன்னது சரி. அன்று தெரிந்திருந்தால் நான் படியேற விட்டிருக்க மாட்டேன்.

அண்ணனின் நோயில் இரவும் பகலும் உடனிருந்த மாடிவீட்டு மாமா குடும்பத்தாருக்கும், மருந்துக்குக் காசு வாங்காத டாக்டர் ஐயாவுக்கும், கடைசிப் பயணத்துக்கு அந்த லாரியையே மாலை போட்டு அனுப்பிய முதலாளிக்கும், ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகேறி வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளது. கோ சானுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் அவர் வீட்டுக்கே போய் நன்றி சொல்லி, என் பிள்ளைகளுக்கு இனி நீங்கள் மாமா முறை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்ற உங்கள் எல்லோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று பந்தலில் நான் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அதை இன்று உங்கள் எல்லோர் முன்பாகவும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேட்க வேண்டியவர் ஒருவர்தான் இல்லை. இந்த முறை பிந்தி வந்தவள் நான்.