முழங்காலுக்காக ஒரே நாளில் இரண்டு முறை பாண்டிச்சேரி

மரக்காணம் பக்கத்திலிருந்து மூட்டு வலிக்காகப் பாண்டிச்சேரி போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது மார்கழி இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு உப்பளத்தில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. இன்னும் மூன்று நான்கு வாரத்தில் பாத்தி மிதிக்கக் கூப்பிடுவார்கள். உப்பு விளைய வேண்டுமென்றால் பாத்தியின் தரை கல் மாதிரி இறுக வேண்டும், அதற்குக் களிமண்ணைக் காலால் நாள் கணக்கில் மிதிக்க வேண்டும். எங்கள் அளத்தில் முப்பது வருஷமாக முதல் பாத்தி நான்தான் மிதிக்கிறேன். என் பாத்தி உப்பில் மண் கலக்காது என்று வியாபாரிகளே சொல்வார்கள். இந்த வருஷம் வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. மாத்திரை போட்டே ஓட்டுவதா, ஆபரேஷன் செய்துகொள்வதா என்று கேட்டுவரத்தான் இந்தப் பயணம்.

ஆபரேஷன் என்று சொன்ன ஒருவரையும் நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டு அட்டையில் பணம் வரும். மகனுக்கு நான் அளத்துக்குப் போவது கௌரவக் குறைச்சல். மருமகள் சுகந்திக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். ஆளுக்கொரு காரணம் இருந்தது, கால் மட்டும் என்னுடையது.

காலை 6.10க்கு மரக்காணத்தில் பஸ். குழந்தையை மகனிடம் விட்டுவிட்டுச் சுகந்தியும் துணைக்கு வந்தாள். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய், முப்பத்தைந்து கிலோமீட்டர். இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடல் காற்று வரும். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் ஜன்னலை மறந்துவிட்டு, காலை நீட்ட இடமிருக்கும் சீட்டாகப் பாருங்கள். படி உயரம். நான் கம்பியைப் பிடித்துத் தொங்குவதைப் பார்த்த கண்டக்டர், "ஆயா, ஏறுறியா, ஊஞ்சல் ஆடுறியா?" என்றார்.

"உன் பஸ்ஸ கொஞ்சம் குந்தச் சொல்லு, ஏறிடுறேன்" என்றேன். கை கொடுத்தார்.

7.25க்குப் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். தனி ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். ஆஸ்பத்திரி பெயர் எழுதவில்லை, எழுதினால் நான் விளம்பரத்துக்குக் காசு வாங்கினேன் என்பீர்கள். டோக்கன் எண் பதினேழு. எக்ஸ்ரே எடுக்க நானூறு ரூபாய். கையெழுத்து போடச் சொன்ன தாளை முழுக்கப் படித்தேன். ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்துக் கூட்டியாவது படிக்காமல் எதிலும் கையெழுத்து வைத்ததில்லை. கவுண்டர் பெண் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டட்டும்.

சுகந்தியும் கூடவே உள்ளே வந்தாள். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் மெத்தை தேய்ந்துவிட்டது என்று காட்டினார். "வலிக்கு மாத்திரை எடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எப்பவாவது" என்றேன்.

அது பொய். நான்கு வருஷமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று விடாமல் போட்டு வருகிறேன். உண்மையைச் சொன்னால் மாத்திரை பலிக்கவில்லை என்று எழுதி உடனே ஆபரேஷன் டேபிளுக்கு அனுப்பிவிடுவார் என்று சந்தேகம். ஆளைச் சோதிக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது இது: "எப்பவாவதுன்னா அவசரம் இல்ல. ஒரு நாள் ஆபரேஷன் தேவைப்படும். அதுவரைக்கும் எடையைக் குறைங்க, தொடைக்குப் பயிற்சி செய்ங்க, ரொம்ப வலிச்சா மட்டும் மாத்திரை." கேட்டதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். மாத்திரை போதும், இந்த வருஷமும் மிதிக்கலாம். வெளியே வந்ததும் சுகந்தியிடம், "பாத்தியா, அறுக்கத் தேவையில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன். அவள் முகம் தொங்கிப்போனது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கவுண்டரில் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு பேரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, பேசிப் பாருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியே பொறுக்கிக் கொடுத்த ஆட்கள் என்ன சொல்வார்கள்? வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன், பேசவில்லை. எனக்கு வேறு ஆள் இருந்தது. எங்கள் தெருவில் மீன் விற்க வரும் பெண்ணின் பெரியம்மா அஞ்சலை, பொம்மையார்பாளையத்தில் கருவாடு விற்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் வேறு ஆஸ்பத்திரியில் வலது கால் ஆபரேஷன் ஆனவள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நடையைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம். சொல்லிவிட்டுப் போனால் யாரும் நன்றாகத்தான் நடப்பார்கள்.

11.10க்கு பஸ். பத்து கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். இறங்கி ஐந்து நிமிஷம் கடல் பக்கம் நடக்க வேண்டும், எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. அஞ்சலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். எதிரே தார்ப்பாயில் கருவாடு. அரைக் கிலோ நெத்திலி கேட்டேன். எந்தக் கையை எங்கே ஊன்றி எழுகிறாள் என்று பார்த்தேன். தராசு எடுக்க உள்ளே போனபோது எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்று பார்த்தேன்.

திரும்பி வந்தவள், "இன்னாக்கா, வந்ததுலேர்ந்து என் காலையே பாக்குற? நெத்திலி தரையில இருக்குது, என் முட்டியில இல்ல" என்றாள்.

சுகந்தி சிரித்துவிட்டாள்.

"மூட்டு பாக்க வந்தியா? சொல்லு. நீ ஆறாவது ஆளு. மொத அஞ்சு பேரும் கருவாடுதான் கேட்டாளுங்க."

மறைத்து என்ன செய்ய? ஆமாம் என்றேன். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். நேர்கோடாக ஒரு தழும்பு. "மார்க்கெட்டுக்கு நடந்து போறேன், மாடிப்படி ஏறுறேன், வலி இல்ல. ஆனா தரையில குந்த முடியாது. வீட்ல கக்கூஸ மாத்திட்டோம். மொத மூணு மாசம் காலை மடக்கச் சொல்லி மடக்கச் சொல்லி அழ வெச்சானுங்க. அழாம நடந்துட்டேன்னு எவளாவது சொன்னா நம்பாத."

குறையையும் சேர்த்துச் சொன்னதால் அவளைக் கொஞ்சம் நம்பினேன். பாத்தி மிதிக்க முடியுமா என்று கேட்டேன். "சேத்துலயா? காலு வழுக்குனா போட்ட மூட்டு இன்னா ஆவும்? நான் ஈர மணல்லயே எறங்க மாட்டேன்" என்றவள், "நீ மாத்திரை எத்தினி வருஷமா துன்ற?" என்று கேட்டாள்.

"நாலு வருஷமா, தெனம் ரெண்டு" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட எப்பவாவதுன்னு சொன்னீங்களே அத்த!" என்று சுகந்தி கத்தினாள்.

அஞ்சலை தராசைக் கீழே வைத்தாள். "நானும் அப்டித்தான் சொன்னேன். ஆபரேஷனுக்கு மின்னாடி ரத்தம் எடுத்துப் பாத்தா கிட்னி சரியில்ல. ரெண்டு மாசம் தள்ளிப் போட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் துன்னிருந்தா வேற கதைன்னாரு டாக்டரு."

கருவாட்டுப் பையை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். வீட்டுக்கு வடக்கே போகிற பஸ் ஏற வேண்டும். வழியெல்லாம் யோசித்தேன். ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன், என் கையில் இருந்த மாத்திரையை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அது கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை. அட்டை இல்லை, பெயர் இல்லை. அவசரம் இல்லை என்று டாக்டர் சொன்னதும் என் பொய்யை வைத்துச் சொன்னதுதான். அதை நம்பிச் சேற்றில் இறங்க இருந்தேன்.

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம், பாண்டிச்சேரி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். சுகந்தி கூடவே வந்தாள். "உனக்குச் சந்தோஷமா? வீட்ல புள்ள பாக்க ஆளாச்சு" என்றேன்.

"ஆமா அத்த, புள்ளைய பாத்துக்க ஆள் வேணும்தான். அதுக்காகக் காலை அறுக்கச் சொல்வேனா? தெனம் காலைல செவுத்தைப் புடிச்சிக்கிட்டு எழுந்திரிக்கிறீங்க. நான் பாக்கலன்னு நெனைக்கிறீங்களா?"

பஸ் வந்துவிட்டது.

1.40க்கு மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் சாப்பாட்டுக்குக் கிளம்பத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லி, ராத்திரி வேளைக்கு எடுத்து வந்திருந்த மாத்திரையைக் காகிதத்தோடு கொடுத்தேன். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரே இல்லாத மாத்திரைய நாலு வருஷம் நம்பியிருக்கீங்க. நான் சட்டையிலயே பேரு குத்தியிருக்கேன், என்னை நம்பலையேம்மா" என்றார். சட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

ரத்தம், சிறுநீர் இரண்டும் கொடுத்தேன். அறுநூற்றைம்பது ரூபாய். முடிவு 4.30க்கு வந்தது. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இப்போதே நிறுத்தினால் தேறிவிட வாய்ப்பு உண்டு என்றார். வலிக்கு வேறு மாத்திரை, அளவோடு. தடவ ஒரு மருந்து. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் பேச்சே. அவரிடமும் பாத்தி பற்றிக் கேட்டேன்.

"ஆபரேஷன் பண்ணாலும் சேத்துல மிதிக்கக் கூடாது. நின்னுக்கிட்டு உப்பு வாரலாமான்னு ஆறு மாசம் கழிச்சுப் பாத்துச் சொல்றேன். இப்ப சொன்னா அது பொய்யாயிடும்" என்றார்.

ஆள் பிடிக்கிறவராக இருந்தால் எல்லாம் செய்யலாம் என்றுதான் சொல்லியிருப்பார். 5.15 பஸ் ஏறி ஆறரைக்கு வீடு வந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். சாப்பிடும் மாத்திரை எதுவானாலும், காகிதத்தில் மடித்ததானாலும், நாட்டு மருந்துப் பொடியானாலும், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை நாளாக, எத்தனை வேளை என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். டாக்டரைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் பொய் சொல்லிச் சோதிக்க வேண்டாம், கேள்வி கேட்டுச் சோதியுங்கள். நடக்க முடியுமா என்று மட்டும் கேட்காதீர்கள், எதையெல்லாம் செய்யக் கூடாது என்று கேளுங்கள். ஆபரேஷன் ஆனவர்களை அவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள், நாம் விடுவதை அவர்கள் பிடிப்பார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

பழைய மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வலி எழுதுகிற மாதிரி இல்லை. முந்தாநாள் அளத்து மேஸ்திரி வந்தபோது, இந்த வருஷம் மிதிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதைச் சொல்ல டாக்டரிடம் உண்மை சொன்னதைவிட அதிக நேரம் பிடித்தது. தை இரண்டாம் வாரம் மறுபடி ரத்தம் கொடுக்கப் போகிறேன். சிறுநீரகம் தேறியிருந்தால் வலது காலுக்குச் சரி சொல்லிவிடுவேன். இடது காலுக்கும் சேர்த்தே நாள் குறிக்கலாம் என்று கவுண்டர் பெண் போனில் சொன்னாள். அதெல்லாம் முடியாது. முதலில் ஒரு காலில் வேலையைக் காட்டட்டும்.