கடலில் பார்த்த கிரகணம்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மார்கழியில், லண்டனிலிருந்து வந்திருந்த சித்தப்பா கிரகணம் பார்க்க எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தார். அதற்கென்றே ஒருமுறை பெரிய கப்பலில் போய் வந்தவர் அவர். முல்லைத்தீவில் அப்படிக் கப்பல் இல்லை. அம்மாவின் தம்பியான மாமாவிடம் மீன்பிடிப் படகு ஒன்று இருந்தது.

"இஞ்ச வானம் மூடிக் கிடக்கு. கொஞ்சம் வெளியில போனால் தெரியும்," என்றார் சித்தப்பா.

மாமா மறுத்துவிட்டார். கிரகணம் வந்தது சுனாமி நினைவு நாளில். ஒவ்வொரு வருடமும் அன்று எங்கள் கரையில் யாரும் கடலுக்கு இறங்குவதில்லை. சித்தப்பாவும் வற்புறுத்தாமல் கிரகணக் கண்ணாடிகளைத் திரும்பப் பையில் வைக்கத் தொடங்கினார். அப்போது பெரியம்மா குசினியிலிருந்து வந்து, "போட்டை இறக்கு தம்பி. நானும் வாறன்," என்றார்.

பெரியம்மா அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் நான் பிறப்பதற்கு முன்பே சுனாமி கொண்டுபோயிருந்தது. அதன்பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை.  மாமா இஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கிரகண நேரத்தில் அடுப்பு மூட்டுவதே பாவம் என்றிருந்த அம்மாவே என்னையும் அனுப்பிவைத்தார்.

கரை சிறுத்து மறைந்தபோது மேகம் விலகியது. மாமா இஞ்சினை நிறுத்தினார். வெயில் மங்கியது, காற்று குளிர்ந்தது. சூரியன் மெல்லிய வளையமானதும் சித்தப்பா கைதட்டினார். நான் கண்ணாடியைக் கழற்றிப் பெரியம்மாவிடம் நீட்டினேன்.

"நீ பார் பிள்ளை," என்றார்.

அவர் ஒருதரமும் மேலே பார்க்கவில்லை. படகின் ஓரத்தில் சாய்ந்து, முழங்கை நனைய ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். வெளிச்சம் திரும்பிய பின்னும் எடுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் பார்க்காமல் விட்டாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கரையில் இறங்கியதும் பெரியம்மா மாமாவிடம் கேட்டார்: "வாற வருசமும் கூட்டிக்கொண்டு போவியே?"

சித்தப்பா சிரித்தார். "வாற வருசம் இஞ்ச இப்பிடிக் கிரகணம் தெரியாதக்கா. இனிக் கனகாலம் செல்லும்."

"ஓமக்கா, கூட்டிக்கொண்டு போறன்," என்றார் மாமா.

வராத கிரகணத்துக்கு வாக்குக் கொடுக்கிறாரே என்று மாமாவை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், சூரியன், சந்திரன், பூமி எல்லாம் எப்படிச் சுற்றுகின்றன, கிரகணம் ஏன் வருடாவருடம் ஒரே இடத்துக்கு வராது என்று அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். மாமா ஒருதரமும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு நடந்தார்.